வாசலில் எரிந்த மொலாவே கட்டை

விகான் நகரத்தில் பழைய மரச்சாமான்களைச் செப்பனிடும் செவரினோ தனியாள். ஆள் வைத்தும் பார்த்தார். வந்தவர்களெல்லாம் பழைய மெருகைச் சுரண்டி எடுத்து, புதுசு மாதிரி பளபளக்க வைத்துப் பெருமையோடு காட்டினார்கள். அதற்குப் பிறகு யாரையும் சேர்க்கவில்லை.

அந்த வாரம் பட்டறையில் ஒரு பெஞ்சு மூன்று காலோடு கிடந்தது. உட்காரும் பலகைக்கு அடியில் சண்டைச் சேவல்களை அடைக்க மரச்சட்டம் வைத்த பண்ணைவீட்டுப் பெஞ்சு. நான்காவது காலைக் கரையான் தின்றிருந்தது. உடைமைக்காரி ஃபாவிலா அம்மாள் மணிலாவில் இருந்தாள். புது மரத்தில் செய்த காலை நேரில் வந்து பார்த்து முகம் சுளித்தாள். மற்ற கால்களைப் போல வைரம் பாய்ந்த பழைய மொலாவே மரம்தான் வேண்டும், சனிக்கிழமைக்குள் முடியாவிட்டால் மணிலாக் கடைக்குக் கொடுத்துவிடுவேன் என்றாள். அங்கே கொடுத்தால் சட்டங்களைப் பிடுங்கிவிட்டு அந்த இடத்தில் கண்ணாடிப் பலகை பொருத்துவார்கள். சேவல்கள் கொத்திய தழும்பெல்லாம் அந்தச் சட்டங்களில்தான் இருந்தது. அதற்காகவே செவரினோ ஊர் ஊராக அலைந்தார். இடித்த வீடொன்றில் மொலாவே தூண் துண்டு ஒன்று கிடைத்தது. வெயில் படட்டும் என்று வெளிச்சுவரில் சாத்தி வைத்தார்.

அன்று ராத்திரி பக்கத்து வீட்டு அந்தோங் இறந்துபோனார்.

காலையில் துக்கம் கேட்கப் போன செவரினோ வாசலிலேயே நின்றுவிட்டார். அந்த ஊர் வழக்கப்படி, உடல் புறப்படும்வரை சாவு வீட்டு வாசலில் ஒரு கட்டை அணையாமல் எரிய வேண்டும். எரிந்துகொண்டிருந்தது அவருடைய தூண்.

இறந்தவரின் மைத்துனன் ருஃபோ, அண்ணன் முறைக்கு 'மனோங்' என்று அழைத்துக் காப்பியை நீட்டினான்.

"உங்க சுவரோரம் கெடந்துச்சு மனோங். தூங்குற மனுசன எழுப்புவானேன்னு எடுத்துட்டேன். பாருங்க, புகையே இல்ல."

உட்கார்ந்திருந்தவர்களும் கட்டையை மெச்சினார்கள். தன் சாவுக்கும் இப்படி ஒன்று பார்த்து வைக்கும்படி ஒருவர் செவரினோவிடமே சொன்னார். இன்னொரு துண்டு தேட நாள் இல்லை என்பதைக் காப்பியோடு சேர்த்து விழுங்கினார் அவர்.

அந்தோங்கின் மனைவி தாசிங் வெளியே வந்தாள். அவர் முகத்தையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"செவரினோ, இது உன் பெஞ்சுக்கு வச்சிருந்ததா?"

அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"உருவிக்கோ. உங்கிட்ட வாங்குன உளிய இந்த மனுசன் என்னைக்காவது திருப்பிக் குடுத்திருக்காரா? இதையாவது நான் குடுத்துடறேன்."

யாரோ சிலுவை போட்டுக்கொண்டார்கள். சாவுக் கட்டையை உருவுகிறவன் வீட்டுக்குத்தான் அடுத்த சாவு வரும் என்பார்கள். செவரினோவுக்கு அந்தப் பயம் இல்லை. மனைவிக்கு வாசலில் தீ மூட்டிய பிறகு அவர் வீட்டில் மிச்சமிருப்பது அவர் மட்டும்தான். எரியாத பக்கம் ஒரு காலுக்குத் தாராளமாகப் போதும். குனிந்து பிடித்து இழுத்தார். மேலே அடுக்கியிருந்த விறகு சரிந்து தீ படுத்துவிட்டது. உருவச் சொன்ன தாசிங்கே கதவைப் பிடித்துக்கொண்டு தீயைப் பார்த்தாள்.

அவர் கட்டையை உள்ளே தள்ளினார்.

"எவன்டா இப்படி அடுக்குனது? காத்து போக எடமே இல்ல," என்று ருஃபோ மேல் எரிந்து விழுந்தார். பிறகு மண்டியிட்டு, ஜுவாலை எழும்வரை ஊதினார்.

சனிக்கிழமை அடக்கம் முடிந்து திரும்பியபோது பட்டறை முன் மணிலாக் கடையின் வண்டி நின்றது. பெஞ்சை ஏற்ற வந்தவர்களுக்குக் கைகொடுக்கக் கூடாது என்று ஒதுங்கி நின்றார். அவர்களோ சட்டத்தைப் பிடித்துத் தூக்கினார்கள்.

"அதப் புடிக்காத. பலகையப் புடி," என்று சொல்லிக்கொண்டே போய், கால் இல்லாத பக்கத்தைத் தானே தாங்கி வண்டியில் ஏற்றினார்.