வெள்ளை பிளக்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கார் எஞ்சின் என்னை ஏமாற்றிவிட்டது. அதுவும் ரேஸ் மைதானத்தில், மாப்பிள்ளைக்கு முன்னால்!

என்னைப் புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இன்று திருவண்ணாமலை வேலூர் ரோட்டில் மூன்று ஷெட் என்னுடையது. தெருமுனையில் வண்டி திரும்பும்போதே கோளாறு என்னவென்று சத்தத்தை வைத்துச் சொல்லிவிடுவேன். நம்பிக்கை இல்லையா? வண்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.

என் மகள் செல்வியின் வீட்டுக்காரர் குமரன் சென்னையில் இன்ஜினியர். லீவு நாட்களில் கார் ரேஸ் ஓட்டுவார். போன மாதம் ஒரு வெள்ளை கேனோடு ஷெட்டில் வந்து நின்றார்.

"மாமா, இந்தத் தடவை பெட்ரோல் இல்லாம ஓட்டலாம்னு இருக்கேன்."

"தண்ணி ஊத்தியா?"

"எரிசாராயம் மாமா. கரும்பாலைக் கழிவுலேர்ந்து எடுக்கறது. பர்மிட்டெல்லாம் வாங்கிட்டேன். புகை ரொம்பக் கம்மி."

பக்கத்தில் கீழ்பென்னாத்தூர் லாரிக்காரர் தனபால் உட்கார்ந்திருந்தார். சும்மா இருப்பாரா? "அட, வண்டியும் குடிக்க ஆரம்பிச்சிடுச்சா! ரோட்ல நேரா வருமா பாருங்க தம்பி."

நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ரேஸ் என்றால் காது கிழிகிற சத்தம் வேண்டும், கண்ணை மறைக்கிற புகை வேண்டும். புகையில்லாத ரேஸ் உப்பில்லாத கருவாடு — அன்றைக்கு என் கட்சி அதுதான்.

ஆனால் மாப்பிள்ளை சிரிக்கவில்லை. ரேஸ் நடத்துகிறவர்களுக்கு இரண்டு வருஷம் லெட்டர் மேல் லெட்டர் எழுதி வாங்கிய அனுமதி அது. ஒரே ஒரு தடவைதான். ரேஸை முழுதாக முடித்துக் காட்டினால் அடுத்த வருஷமும் ஓட்டலாம். பாதியில் நின்றால், அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

கார்புரேட்டரில் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு உண்டு. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. அதன் நடுவில் இருக்கிற துளை வழியாகத்தான் எஞ்சினுக்குத் தீனி போகும். எரிசாராயம் என்றால் பெட்ரோலைவிட ஜாஸ்தி போகவேண்டும், துளையைப் பெரிதாக்க வேண்டும். தலைமுடி கனம் தப்பினாலும் வேலை கெட்டது. அதற்கு மாப்பிள்ளை என்னைத் தேடி வந்ததில் ஆச்சரியம் உண்டா?

எஞ்சினை ஓடவிட்டு, சத்தத்தைக் கேட்டு, முதல் ஜெட்டில் துளை போட்டேன். அவலூர்பேட்டை ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். பறந்தது. திரும்பி வந்து, எஞ்சினுக்குள் தீப்பொறி போடுகிற பிளக்கைக் கழற்றினால்... வெள்ளை!

பெட்ரோல் வண்டியில் பிளக் முனை பிஸ்கட் நிறத்தில் இருந்தால் எஞ்சின் வயிறாரச் சாப்பிடுகிறது என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் பட்டினி. சூடேறி பிஸ்டனே உருகிவிடும். நாற்பது வருஷப் பாடம் இது. விடுவேனா? இன்னும் பெரிய துளையோடு இரண்டாவது ஜெட் போட்டேன். அப்போதும் வெள்ளை. மூன்றாவது போட்டேன்.

"இன்னும் பசி அடங்கல மாப்பிள்ளை."

"நீங்க சொன்னா சரிதான் மாமா."

ஞாயிறு காலை ரேஸுக்கு முன்னால் பயிற்சி ஓட்டம். வண்டி நாலு அடிக்கு ஒரு தடவை விக்கியது. பக்கத்துக் கூடாரத்தில் சிரிப்பு. அவசரமாகப் பிளக்கைக் கழற்றினேன். அதே வெள்ளை. "நாலாவது ஜெட் போட்டுடலாம்" என்றேன். குமரன் தரையைப் பார்த்தார்.

பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்த செல்வி டம்ளரை நங்கென்று வைத்தாள். "ஏங்க, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"விடு செல்வி."

"என்னத்த விடறது? அப்பா, அது பசியில விக்கல. தின்னது ஜாஸ்தியாகி விக்குது. எரிசாராயம் எரிஞ்சா கரி புடிக்காது. நீங்க குடம் குடமா ஊத்தினாலும் பிளக்கு பிஸ்கட் நெறத்துக்கு வராது. இவருக்கு மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சா ஏன் சொல்லல மாப்பிள்ளை?"

"உங்ககிட்ட போய் எப்படி மாமா..."

"மாமனாருக்கு மரியாதையாம்ப்பா! அதுக்காக ரெண்டு வருஷ லெட்டரக் குப்பையில போடப் போறாராம்."

சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தேன். உள்ளே முதல் ஜெட். எதையும் தூக்கிப் போடாத பழக்கம் எனக்கு. பத்தே நிமிஷத்தில் மாட்டினேன். மைதானத்தில் வேறு யார் மாட்டியிருந்தாலும் அரைமணி ஆகியிருக்கும்.

பதினோரு வண்டியில் எட்டாவது. ஜெயிக்கவில்லை, ஆனால் நிற்கவும் இல்லை. கொடி அசைத்தவரே வந்து பானெட்டைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அடுத்த வருஷமும் எடுத்துட்டு வாங்க" என்றார். குமரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்... கண்ணாடி சுத்தமாகத்தான் இருந்தது.

சரி, ரேஸ் வண்டிகள் புகையில்லாத வழிக்கு மாறத்தான் வேண்டுமா? வேண்டும். ஆனால் மாப்பிள்ளை சொல்கிற காரணத்துக்காக இல்லை. பதினோரு கார் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடுகிற புகை எவ்வளவு? பௌர்ணமி அன்று நம் ஊருக்குள் நுழைகிற பஸ்கள் ஒரு மணி நேரத்தில் அதை விட்டுவிடும். கிரிவலம் போகிறவர்கள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நடப்பது அந்தப் புகையில்தான்.

நாளைக்கு அந்த பஸ்களும் மாறித்தானே ஆக வேண்டும்? அன்றைக்கு ஒரு மெக்கானிக் என்னை மாதிரியே வெள்ளை பிளக்கைப் பார்த்து ஏமாந்தால், செங்கம் ரோட்டில் அறுபது பேர் பிள்ளை குட்டியோடு இறங்கி நிற்பார்கள். ரேஸில் விக்கினால் பக்கத்துக் கூடாரத்துக்காரன் சிரிப்பான், அவ்வளவுதான். புது எரிபொருள் முதலில் விக்க வேண்டிய இடம் ரேஸ் மைதானம்தான்.

ஒன்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ரேஸை முடித்துக்கொடுத்த அந்த முதல் ஜெட், நான் காதால் கேட்டுப் போட்டது. காது ஏமாறவில்லை, கண்தான் ஏமாந்தது.

படிக்கிறவர்களில் மாப்பிள்ளைகள் இருந்தால்... மாமனார் தப்பு செய்தால் முதல் துளையிலேயே சொல்லிவிடுங்கள்; இரண்டு ஜெட் மிச்சமாகும்.