தேர் இழுத்த கால்

ஆவுடைநாயகம் சார் வாழ்நாளில் எந்தப் பரீட்சையிலும் தோற்றதில்லை. நெல்லை டவுனில் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். காப்பியடிக்கிற பையனை அவன் முதுகைப் பார்த்தே பிடித்துவிடுவார். அப்பேர்ப்பட்ட மனுசர் அறுபது வயதுக்கு மேல் காப்பியடித்தார் என்றால் யார் நம்புவார்கள்? ஆனால் அடித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று மூன்றில் பாளையங்கோட்டையிலிருந்து ஓர் ஆய்வுக் குழு வீடு வீடாக வந்தது. நம் சாப்பாட்டுக்கும் சர்க்கரை நோய்க்கும் மாரடைப்புக்கும் என்ன உறவு என்று பார்க்கிற ஆய்வு. கிறிஸ்டி என்ற பெண் வந்து இடுப்பை அளப்பாள், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பாள், வெறும் வயிற்றில் ரத்தம் எடுப்பாள். சாருக்குச் சர்க்கரை பல வருடக் கூட்டாளி. அவள் வரும் தேதி தெரிந்ததும் வீட்டில் தேங்காய்ப்பால் சொதி நிற்கும், உருளைக்கிழங்கு நிற்கும். கஞ்சியும் பாகற்காயும்தான். ரத்தம் கொடுத்து முடித்த கையோடு மனைவி ஞானம்பாள் இலை போட்டுவிடுவாள்.

“உங்களை மாதிரி கட்டுப்பாடான ஆள் எங்க ஆய்விலயே கிடையாது சார்,” என்பாள் கிறிஸ்டி. சாருக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அடுத்த வருடம் கால்களையும் சோதித்தார்கள். சார் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். தூண்டில் நரம்பு போன்ற ஒரு நைலான் நூலால் அவள் உள்ளங்காலைத் தொடுவாள். பட்டதும் சொல்ல வேண்டும்.

“உணர்ச்சி போன கால்ல முள்ளு குத்தினாலும் தெரியாது சார். புண்ணு புரையோடி, காலையே எடுக்கும்படி ஆயிரும். அப்படிப்பட்டவங்க வெறுங்காலோட ஓரடிகூட வைக்கக் கூடாது.”

வெறுங்கால் கூடாதா? அப்போ தேர்? ஆனித் தேரோட்டத்தில் அவர் அப்பா வடம் பிடித்தார், தாத்தா பிடித்தார். செருப்பு மாட்டிக்கொண்டா நெல்லையப்பர் தேரை இழுப்பது!

கண்ணை மூடினார். ஒன்றும் தெரியவில்லை. ரதவீதியில் செருப்பு கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் வீடு வந்து சேர்ந்த ஆள் அவர். கால் மரத்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கிறிஸ்டி குனியும்போதெல்லாம் அவள் உட்கார்ந்திருந்த மர ஸ்டூல் கிரீச்சென்றது.

கிரீச்.

“தெரியுது.”

கிரீச்.

“தெரியுதும்மா.”

“கால் நல்லாருக்கு சார்!” என்றாள். உணர்ச்சி போனவர்களுக்குக் கொடுக்க அவள் பையில் மெத்தென்ற ரப்பர் செருப்புகள் இருந்தன. பையை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தேரன்று காலையில் ஞானம்பாள் சொல்லிப் பார்த்தாள். “செருப்பைப் போட்டுக்கிட்டு ஓரமா நின்னு கும்பிட்டா சாமி கோவிச்சுக்கிடுமா?”

“ஏளா, கால் நல்லாருக்குன்னு அந்தப் பொண்ணே சொல்லிட்டுல்லா போயிருக்கு!” என்றார். திருட்டு மார்க்கைத் திருடினவரே நம்பிவிட்டார், பாருங்கள்.

உச்சி வெயிலில் தார் இளகிக் கிடந்தது. வாசல்தோறும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள், ஞானம்பாளும் ஊற்றினாள். தேர் நின்றபோதெல்லாம் வடம் பிடித்தவர்கள் சூடு பொறுக்காமல் ஈரம் கண்ட இடத்துக்கு ஓடினார்கள். சார் நின்ற இடத்திலேயே நின்றார்.

“அண்ணாச்சிக்கு என்ன வைராக்கியம் வே!” என்றார் பக்கத்தில் நின்றவர். சாருக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது தரையில் ஈரத் தடம் பதிந்தது. ஞானம்பாள் குனிந்து பார்த்து அலறினாள். வலது உள்ளங்கால் தோல் கழன்று தொங்கியது.

“வலிக்கலியா?”

“இல்லையே,” என்றார், யாரோ ஒருவர் காலைப் பார்ப்பதுபோல.

ஆஸ்பத்திரிக்குப் போனால் கிறிஸ்டிக்குத் தெரிந்துவிடும். களிம்பு தடவிக்கொண்டு வீட்டிலேயே கிடந்தார். காய்ச்சல் வந்து, நாற்றமெடுத்த பிறகு தூக்கிக்கொண்டு போனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். “சரி,” என்றார் சார். பஸ் லேட் என்று யாரோ சொன்னதற்குச் சொல்வதுபோல ஒரு சரி. ஞானம்பாள் அழுதாள். அவருக்கு அழுகை வரவில்லை, பயமும் வரவில்லை. வீடு திரும்பிய பிறகும் அப்படித்தான். பேப்பரை விரித்தபடியே இருப்பார். சொதி ஊற்றினாலும் சாப்பிடுவார், கஞ்சி ஊற்றினாலும் சாப்பிடுவார்.

புரட்டாசியில் கிறிஸ்டி வந்தாள். அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது.

“என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார்.”

அவர் இடது காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டார்.

கிரீச். அவர் பேசவில்லை. கிரீச். பேசவில்லை.

“தெரியுதா சார்?”

“தெரியல.”

அவள் பையிலிருந்து ரப்பர் செருப்பை எடுத்து அந்தக் காலில் மாட்டினாள். ஜோடியில் மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“அந்தக் கால்தான்மா,” என்றார் சார், வேட்டிக்குக் கீழே வெறுமையாயிருந்த இடத்தைக் காட்டி. “இருந்தவரைக்கும் ஒண்ணும் தெரியல. இப்போ சுடுது. தார் மேல நிக்குத மாதிரியே சுடுதும்மா.”

உள்ளேயிருந்து ஞானம்பாள் ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள். எங்கே ஊற்றுவதென்று தெரியாமல் நின்றாள்.