பெட்டிக்குள் நூறு வோல்ட்

அறுபதுகளின் நடுவில், சென்னையில் இயற்பியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்த நான், கோடை விடுமுறைக்குச் செஞ்சிக்கு வரும்போது ஒரு கணக்கையும் கொண்டுவந்தேன். ஒரு சதுர உலோகப் பெட்டியின் குறுக்குவெட்டு. மூடியில் நூறு வோல்ட், மற்ற மூன்று பக்கங்களிலும் சுழி. உள்ளே ஒவ்வொரு இடத்திலும் எத்தனை வோல்ட்?

தாளில் கட்டம் போட்டு, சுவர்களில் கொடுத்த வோல்ட்டை எழுதிவிட்டு, உள்ளே ஒவ்வொரு புள்ளியிலும் குத்துமதிப்பாக ஓர் எண் எழுத வேண்டும். பிறகு அதை அழித்துவிட்டு, சுற்றியுள்ள நான்கு எண்களின் சராசரியை எழுத வேண்டும். எண்கள் மாறாமல் நிற்கும்வரை இதே வேலை. கல்லூரியில் கணிப்பொறி கிடையாது. நான்தான் கணிப்பொறி.

"வூட்டுக்கு இன்னும் கரண்டு வரல. இவன் பேப்பர்ல நூறு வோல்ட் உடறான்" என்றார் நைனா, விதைக்கு மல்லாட்டைக் கடலை உரித்தபடி.

அக்கா தலைப்பிரசவத்துக்கு அவலூர்பேட்டையிலிருந்து வந்திருந்தாள். எட்டாவதோடு நின்றவள். மாமாவின் மளிகைக் கடையில் நின்று மனக்கணக்கில் புலியாகியிருந்தாள்.

"நாலயும் கூட்டி நாலால வகுக்கணும், அவ்ளோதான? இதுக்காடா மெட்ராஸ் போன?"

பத்தாம் நாள் எண்கள் நின்றன. பெருமையாக அவளிடம் நீட்டினேன்.

"இந்தப் பக்கம் மட்டும் ஏன்டா ஜாஸ்தியா இருக்குது?"

"உனக்கு இன்னாக்கா தெரியும்? அது மின்புலம்."

"இன்னாவோ இருக்கட்டும். பொட்டிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுதான?"

தாளைத் திரும்பப் பார்த்தேன். வலது சுவரில் ஒரு புள்ளியில் சுழிக்குப் பதிலாக நூறு எழுதியிருந்தேன். உள்ளே இருக்கும் எண்ணில் தப்பு வந்தால் போகப்போகச் சரியாகிவிடும். சுவரின் எண்ணை யாரும் தொடமாட்டார்கள். அது பத்து நாளும் சட்டமாக உட்கார்ந்து, பக்கத்து எண்களையெல்லாம் ஏற்றிவிட்டிருந்தது.

என் முகத்தைப் பார்த்து அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "சிரிக்க வெக்காதடா, வலிக்குது." பிறகு, "ரெண்டு பக்கமும் ஒண்ணுன்னா பாதி போட்டா போதாது? மீதிய பாத்து எழுதிக்கோ" என்றாள்.

புதுத் தாளில் அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நாலே நாளில் முடிந்தது.

கல்லூரியில் பேராசிரியர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "வலது பாதியில ரப்பர் பட்ட தடமே இல்லையே?"

உண்மையைச் சொன்னேன்.

"அப்போ உங்க அக்காவுக்குத்தான் மார்க் போடணும்" என்றவர், சிரித்துக்கொண்டே எனக்குப் போட்டார்.

அடுத்த விடுமுறையில் அதை அக்காவிடம் சொன்னேன். கேட்டாளா என்றே தெரியவில்லை. கைக்குழந்தையை என் மடியில் போட்டுவிட்டு, "கொஞ்சம் புடிடா, நான் குளிச்சிட்டு வரேன்" என்று போய்விட்டாள்.