துண்டு மூடிய ஜி.பி.எஸ்.

திரேஸ்புரம் ஜெஸ்டினுக்கு வயிற்றெரிச்சல் என்றால் அது கிளாட்வின்தான். மனைவி பிளாரன்சின் தம்பி. இருவருக்கும் ஒரே கடல், ஒரே அளவு வள்ளம். ஆனால் ஏலத்தில் கிளாட்வின் கூடையைச் சுற்றித்தான் கூட்டம். புது எஞ்சின் வேறு வாங்கிவிட்டான். அன்று ஜெஸ்டினுக்குச் சோறு இறங்கவில்லை.

கிளாட்வினிடம் இல்லாத ஒன்று ஜெஸ்டினிடம் இருந்தது: ஒரு பார். கடலடியில் கிடக்கும் பாறைத்திட்டு. கலவாயும் விளைமீனும் எப்போதும் உண்டு. அது இருக்கும் இடம் அவருடைய ஜி.பி.எஸ். கருவிக்கு மட்டும் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் ஒரே மாதத்தில் வழித்துவிடுவார்கள். அதனால் கருவியைச் சிவப்புத் துண்டால் மூடி, இரட்டை முடிச்சுப் போட்டு வைப்பார். தெற்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வடக்கே போவார்.

தனியாகக் கடலுக்குப் போகிறாரே என்று மகள் ஜெமிமாவுக்குப் பயம். பெங்களூரில் கணினி வேலை அவளுக்கு. இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் காட்டச் சொல்லிக் கொடுத்தாள். "நம்ம வீட்டு குரூப்ல மட்டும் போடுங்கப்பா."

மறுநாள் கடலில் கண்ணாடி போடாமல் விரலை வைத்தார்.

பாரில் தூண்டில் இறக்கி அரைமணி நேரம்கூட ஆகவில்லை. நான்கு வள்ளங்கள் வந்து நின்றன. முன்னால் கிளாட்வின்.

"ஏலே, மோப்பம் பிடிச்சு வாரியா?"

"அத்தான், நீங்கதான ஏலக்காரங்க குரூப்ல போட்டிருக்கிய! நூத்தி இருவது பேரு பாக்கானுவ. ஜெமிமா ஞானஸ்நானத்துக்குக்கூட இத்தன பேரக் கூப்பிடலியே!"

நான்கு வள்ளத்திலும் சிரிப்பு. ஜெஸ்டின் மகளை ஏசவில்லை, தன்னையும் நொந்துகொள்ளவில்லை. கிளாட்வினைத்தான் ஏசினார்.

அந்தப் பார் போயிற்று. ஆறு மாதம் அலைந்து இன்னொன்றைக் கண்டுபிடித்தார். இம்முறை கைபேசியை அணைத்துவிட்டுத்தான் கரையை விட்டார். ஜெமிமா கெஞ்சினாள்.

"மக்களே, ஒனக்குக் காட்டுனா அவனுக்கும் காட்டும் அது."

ஒரு நாள் மதியமாகியும் அவர் திரும்பவில்லை. கைபேசி அணைந்தே கிடந்தது. பிளாரன்ஸ் தம்பியிடம் ஓடினாள்.

"தெக்க போறேன்னு சொன்னாவ."

"அப்பம் வடக்கதான்," என்று கிளாட்வின் வள்ளத்தைத் தள்ளினான்.

நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்து கிடந்த ஜெஸ்டினுக்குத் தூரத்தில் எஞ்சின் சத்தம் கேட்டது. யாருடையது என்று சத்தத்திலேயே தெரிந்தது. ஒரு தடவைகூடத் திக்காத எஞ்சின். தன் எஞ்சின் இப்படி ஒரு நாளும் ஓடியதில்லை. நெஞ்சிலிருந்து கையை எடுத்து, துண்டின் முடிச்சை இன்னும் இறுக்கினார்.

கிளாட்வின் கரை சேர்த்தும், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் போய்விட்டது.

அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் கிளாட்வின் வந்தான். துண்டு சுற்றிய கருவியை ஜெமிமாவின் மடியில் வைத்தான். துண்டில் உப்புப் பூத்திருந்தது.

"முடிச்சு அப்படியே இருக்கு, நல்லாப் பாத்துக்க ஏளா. பெறவு அத்தான் என்னய ஏசக்கூடாது."