பிளான் வேண்டாம், வாட்ச் மட்டும்

கைபேசிக் கடையில் நிற்பவரை யாரும் நம்புவதில்லை, அவரும் யாரையும் நம்புவதில்லை, ஆனாலும் வியாபாரம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்துச் சிரித்துத் தாடை நொந்துபோன என் இனத்தவரே, உங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நான் நிற்பது, புலம்பெயர்ந்த எங்கள் சனம் நிறைந்த அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில், கொத்துரொட்டிக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில். நாங்கள் விற்கும் சாமான்களில் எனக்கு அதிகம் தலையிடி தந்தது ஸ்மார்ட் வாட்ச். அதில் இரண்டு வகை. ஒன்று, போன் பக்கத்தில் இருந்தால்தான் கதைக்கும். மற்றது செல்லுலர். அதற்கு மாதாமாதம் பிளான் கட்டினால் போனை வீட்டில் விட்டுவிட்டுப் போனாலும் கையில் அழைப்பு வரும். பிளான் போடாவிட்டால் அதுவும் முதல் வகை மாதிரித்தான்.

எங்கள் சனம் விலை கூடிய செல்லுலரைத்தான் வாங்கும், பிளானை மட்டும் தொடாது. ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாக் காரணங்களுக்கும் அடியில் கிடப்பது ஒன்றுதான்: இவள் எங்களை ஏமாற்றப் போகிறாள்.

காப்போடு பொருந்த வேண்டும்

மகளின் கலியாணத்துக்குத் தான் கட்டுவதற்கு வாட்ச் தேடி ஒரு அன்ரி வந்தார். தங்க நிறம்தான் வேண்டும். அந்த நிறம் செல்லுலரில் மட்டும்தான் வருகிறது. சொன்னவுடனேயே அவர் கண்களைச் சுருக்கினார். "நல்ல நிறத்தை உதுக்குள்ள மட்டும் வச்சிருக்கிறது ஏன் எண்டு எங்களுக்கு விளங்காதோ?" என்றார். எனக்கும் அது விளங்கித்தான் இருந்தது, ஆனால் நான் சம்பளத்துக்கு நிற்பவள்.

வாட்சைத் தன் காப்போடு சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் சொல்லில் நம்பிக்கை வராமல் பக்கத்து நகைக்கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த மனிதர் நகத்தால் சுரண்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, பொருத்தம்தான் என்று சொன்ன பிறகுதான் அன்ரி கைப்பையைத் திறந்தார். நான் கணினியில் தட்டியதையெல்லாம் உரத்து வாசிக்கச் சொன்னார், பிளானை இடையில் செருகிவிடுவேனாம். போனை எடுத்துப் போகாவிட்டால் வாட்சில் கதைக்க முடியாது என்று கடைசியாக ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"நிறம் போகாமல் இருந்தால் காணும் பிள்ளை, கதைக்கிறதுக்கு என்னட்டை வாய் இருக்கு."

வேலை செய்யாததில் ஒரு சந்தோஷம்

ரூஜ் பக்கம் இருந்து வந்த ஒரு அங்கிளுக்கு வேறு பிரச்சினை. வாட்ச் பிடித்துவிட்டது. ஆனால் உள்ளே சிம் இருக்கிறதே! அது இரவில் தனக்குத் தெரியாமல் எழும்பி யாருக்காவது அழைப்பு எடுத்து, மாத முடிவில் பில் வந்தால் என்ன செய்வது? அதைக் கழற்றித் தரச் சொன்னார். அது கழற்றுகிற சாமான் அல்ல, உள்ளேயே கிடப்பது, பிளான் போடாவிட்டால் தூங்கிக்கொண்டே இருக்கும் என்று விளக்கினேன். தூங்குகிறது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. அரைமனதோடு காசைக் கட்டியவர், போனைக் காருக்குள் பூட்டி வைத்துவிட்டு, வாட்சைக் கட்டிக்கொண்டு பார்க்கிங்கின் மறு முனைக்கு நடந்தார். அங்கே நின்று மனைவிக்கு அழைப்பு எடுத்துப் பார்த்தார். போகவில்லை. மகனுக்கு எடுத்தார். போகவில்லை. வாட்சைக் காதில் வைத்தார், உதறினார், சத்தம் போட்டுக் கூப்பிட்டும் பார்த்தார். கொத்துரொட்டிக் கடை வாசலில் நின்றவர்கள் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். விலை கூடிய சாமானை வாங்கி அது வேலை செய்யாததைக் கண்டு இவ்வளவு பூரித்துப்போன ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"ஓம் பிள்ளை, ஒண்டும் வேலை செய்யேல்லை. இப்பதான் எனக்கு உம்மில நம்பிக்கை வந்தது."

வேவுகாரர் வரப்போகிறார்

ஒருநாள் எங்கள் மனேஜர் நகுலன் அண்ணை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். மற்றக் கிளைகளைவிட எங்கள் கடையில்தான் பிளான் இல்லாத வாட்ச் அதிகம் போகிறதாம். மேலிடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாடிக்கையாளர் மாதிரி ஒரு ஆளை அனுப்புவார்கள். நாங்கள் பிளானைத் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்கிறோமா என்று அந்த ஆள் பார்ப்பார். பிளான் தேவையில்லை என்று யார் வாயிலிருந்தாவது வந்தால் அவருடைய முழுநேர வேலை பகுதிநேரமாகிவிடும்.

முழுநேரக்காரருக்குத்தான் மருந்துக் காப்புறுதி. என் கணவருக்குச் சர்க்கரை வருத்தம். அவருடைய ஊசியும் மருந்தும் அந்தக் காப்புறுதியில்தான் வருகின்றன. நான் பிளான் தேவையில்லை என்று சனத்துக்குச் சொன்னேனா என்றால், சொன்னேன். குளியலறைக்கும் போனோடு போகிற மனிதருக்கு எதற்கு இன்னொரு பில்? மனம் கேட்கவில்லை, சொல்லிவிட்டேன். நகுலன் அண்ணை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, நாலு பேர் பிளான் எடுக்காட்டில் ஆக்கள் வேண்டாமெண்டிட்டினம் எண்டு சொல்லலாம், ஒருத்தருமே எடுக்காட்டில் கடையில நிக்கிற ஆள்தான் வேண்டாமெண்டு சொல்லியிருக்கு."

மிசிசாகாவில் இருந்து வந்தவர்

அதன் பிறகு கடைக்குள் யார் வந்தாலும் எனக்கு வேவுகாரராகவே தெரிந்தார். அப்படியொரு மத்தியானம் நன்றாக அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு ஒருவர் வந்தார். எங்கே இருந்து என்று பேச்சுக் கொடுத்தேன். மிசிசாகாவாம். மிசிசாகாவில் இல்லாத வாட்ச் கடையா? அங்கிருந்து இவ்வளவு ட்ராஃபிக்கில் இங்கே வருவானேன்? ஆள் வாட்சைப் பார்க்கவே இல்லை. கடையின் பின்கதவைப் பார்த்தார், மூலையைப் பார்த்தார், என்னைப் பார்த்துச் சங்கடத்தோடு சிரித்தார். பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

பிளானின் மகிமையை ஆரம்பத்திலிருந்து எடுத்துவிட்டேன். ஓடும்போது, நீந்தும்போது, போன் தொலைந்தால், வெளிநாடு போனால் என்று ஒன்றும் விடவில்லை. அவர் ஒரு காலில் நின்றார், பிறகு மறு காலில் நின்றார். இடையில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். என்னைப் பொறியில் விழுத்தும் கேள்வியாகத்தான் இருக்கும் என்று அதற்கும் முந்திக்கொண்டு பதில் சொன்னேன். கடைசியில் அவர், "அக்கா, நான் வாஷ்ரூம் எங்கை எண்டு கேக்கத்தான் வந்தனான்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கும் காத்திராமல் கொத்துரொட்டிக் கடைப் பக்கம் ஓடினார். என்னோடு வேலை செய்யும் தர்சினி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். கவுண்டரில் தலையைச் சாய்த்துச் சிரித்தாள்.

"அக்கா, ஹீ வாஸ் லிட்டரலி டான்ஸிங், நீங்கள் அவருக்கு ரோமிங் எக்ஸ்ப்ளெய்ன் பண்ணுறீங்கள்!"

காரில் விட்ட போன்

ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். மனைவி வாட்ச் வார்களின் நிறங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம், கணவர் கவுண்டரில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். சனிக்கிழமைகளில் நண்பர் வீட்டு பேஸ்மென்டில் முந்நூற்றிநாலு விளையாடுவாராம். சீட்டுக் கையில் இருக்கும்போது மனைவி அழைத்தால், போனைக் காரில் விட்டுவிட்டேன் என்று பிறகு சொல்லிச் சமாளிப்பாராம். கையில் கட்டிய சாமானும் அடித்தால் அவருடைய பிழைப்பு என்னாவது? "பிளான் மட்டும் வேண்டாம் தங்கச்சி, உம்மைக் கும்பிட்டன்" என்றார். பிறகு காரை நல்ல இடமாக மாற்றிவிட வெளியே போனார்.

அவர் கதவைத் தாண்டவும் இல்லை, அதற்குள் மனைவி என் முன்னால் நின்றார். "உது போன் பக்கத்தில இல்லாட்டியும் அடிக்குமோ?" என்று நிதானமாகக் கேட்டார். வேவுகாரர் சோடியாக வரக்கூடாது என்று சட்டமா? விதிப்படியே பதில் சொன்னேன்: பிளான் போட்டால் அடிக்கும். அந்தப் பாவப்பட்ட மனிதரை நினைக்க எனக்கு மனம் நொந்தது, ஆனால் என் வீட்டு மனிதரின் ஊசியையும் நினைத்தேன். போன் கணக்கு மனைவியின் பேரில்தான் இருந்தது. மாதக்கணக்காக என் பேச்சு விற்காத பிளானை அந்த அம்மாவின் சந்தேகம் ஒரு நிமிஷத்தில் விற்றுவிட்டது.

"அப்ப இப்பவே போடும் பிள்ளை, ஆளுக்கு மட்டும் வாய் திறவாதையும்."

லொக்கருக்குள் போன்

மலர் அக்கா மட்டக்களப்புப் பக்கம். சாப்பாட்டுச் சாமான் பொதி செய்யும் ஒரு தொழிற்சாலையில் வேலை. உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள், லொக்கரில் பூட்டிவிட்டுப் போக வேண்டும். வாட்ச் கட்டத் தடையில்லை. மகனுக்கு வலிப்பு வரும். வந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து தாய்க்குத்தான் எடுப்பார்கள். போன தடவை எடுத்தபோது போன் லொக்கருக்குள் அடித்துக்கொண்டே கிடந்தது, பிள்ளை தனியாக ஆம்புலன்ஸில் போயிருக்கிறான். இதைச் சொல்லிவிட்டு, செல்லுலர் வாட்ச் ஒன்று தாருங்கள், பிளான் வேண்டாம் என்றார். கூட வேலை செய்பவர்கள் சொல்லியிருக்கிறார்கள், வாட்ச் மட்டும் போதும், பிளான் கடைக்காரரின் சுத்துமாத்து என்று.

என் மனம் போன போக்கைக் கேளுங்கள். ஒரு தாய் இப்படிச் சொல்கிறார், நானோ இவர்தான் வேவுகாரர் என்று முடிவு கட்டினேன். பிளானை எடுத்துச் சொல்கிறோமா என்று சோதிக்க இதைவிடப் பொருத்தமான கதை யாருக்கு வாய்க்கும்? அதனால் பாடமாக்கிய வசனங்களை ஒப்புவித்தேன். அவருடைய முகம் இறுகிக்கொண்டே போனது. விற்பனைக் குரல் யாருக்கும் தெரியும்தானே. "வாட்ச மட்டும் போடுங்க" என்று வங்கி அட்டையை நீட்டினார். மற்றக் கையில் போனை வைத்து, பள்ளிக்கூடம் எடுத்திருக்கிறதா என்று அதை ஒருதரம் பார்த்தார். இந்த வாட்சோடு போனால் அடுத்த தடவையும் லொக்கருக்குள்தான் அடிக்கும்.

நான் அட்டையை வாங்கவில்லை. "அக்கா, இந்தக் கடைக்கு வந்த கனபேருக்குப் பிளான் தேவையில்லை எண்டு நானே சொல்லியிருக்கிறன். அப்பிடிச் சொல்லக்கூடாது, தெரிஞ்சால் என்ர வேலைக்கு ஆபத்து. ஆனா உங்களுக்குத் தேவை. இது இல்லாட்டில் பள்ளிக்கூடம் எடுக்கிறது உங்களுக்குக் கேக்காது" என்றேன். வேவுகாரராக இருந்தால் என் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. அவர் அட்டையைக் கவுண்டரில் வைத்தார்.

"இவ்வளவு உண்மையும் சொல்லுறீங்க புள்ள, அதுதான் எனக்குப் பயமா இருக்கு. சரி, போடுங்க."

ஊரில எவடம்?

வேவுகாரரின் அறிக்கை வந்துவிட்டது என்று நகுலன் அண்ணை என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். அவருடைய முகம் வெளிறிக் கிடந்தது. மலர் அக்காதான், முடிந்தது என்று நினைத்தேன். கணவரிடம் மருந்து விஷயத்தை எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் சொற்களைத் தேடத் தொடங்கிவிட்டேன்.

ஆனால் வந்தது ஒரு ஆணாம். நானும் தர்சினியும் சாப்பிடப் போன நேரத்தில் வந்திருக்கிறார், கவுண்டரில் நின்றது நகுலன் அண்ணை. தமிழ் முகத்தைக் கண்டால் நாங்கள் எல்லாரும் கேட்கிற கேள்வியை அவரும் கேட்டிருக்கிறார்: ஊரில எவடம்? அந்த ஆள் அண்ணையின் பக்கத்து ஊர். அதே பள்ளிக்கூடம், அடித்த வாத்தியாரும் ஒரே வாத்தியார். அதற்குப் பிறகு மனிதருக்கு வாய் நிற்கவில்லை. "எங்கட பள்ளிக்கூடத்துப் பெடியனுக்கு வீண்செலவு வைக்கச் சொல்லுறீரோ? உமக்கு உது தேவையில்லை தம்பி எண்டிட்டன்" என்று என்னிடம் சொல்லித் தலையில் கைவைத்தார்.

அறிக்கையில் கவுண்டரில் நின்ற ஊழியர் என்று மட்டும்தான் இருந்ததாம், பெயர் இல்லை. உடனே எனக்கு அடுத்த சந்தேகம் கிளம்பியது: என் தலையில் கட்டப் போகிறார். அவரோ, அது தான்தான் என்று மேலிடத்துக்கு அப்போதே சொல்லிவிட்டதாகச் சொன்னார். நான் நம்பவில்லை. அடுத்த வார வேலை நேரங்கள் வந்து, என் முழுநேரம் அப்படியே இருக்கக் கண்ட பிறகுதான் மூச்சு வந்தது. அண்ணையை மனேஜர் பதவியிலிருந்து இறக்கி மிசிசாகாக் கிளைக்கு மாற்றிவிட்டார்கள். அந்த மனிதரை இத்தனை நாள் எப்படியெல்லாம் நினைத்தேன் என்று எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. கடைசி நாள் தேத்தண்ணிக் கோப்பையைத் துடைத்துப் பையில் வைத்துவிட்டு, கதவடியில் நின்று திரும்பிப் பார்த்தார்.

"உம்மைச் சந்தேகப்பட்டதுக்கு மன்னிச்சுக்கொள்ளும் தங்கச்சி, ஆனா உண்மையைச் சொல்லும், நீரும் ஆக்களுக்குப் பிளான் வேண்டாமெண்டு சொன்னனீர்தானே?"

அந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பதில் சொல்லவில்லை, ஏனென்றால் இந்தத் தடவை வேவு பார்க்க அவரையே பிடித்து அனுப்பியிருந்தாலும் அனுப்பியிருப்பார்கள்.