பிள்ளை யார் ஜாடை

குழந்தை பிறந்த வீட்டில் முதலில் நடப்பது பாகப்பிரிவினை. மூக்கு எங்கள் பக்கம், நெற்றி உங்கள் பக்கம் என்று பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு துண்டாக எடுத்துக்கொண்டு போவார்கள். என் மகன் பிறந்தபோதும் அப்படித்தான். மாமியார் மூக்கை எடுத்துக்கொண்டார். நாத்தனார் புருவத்தை எடுத்துக்கொண்டாள். என் அம்மா சும்மா இருப்பாளா, நெற்றி தன் தம்பியுடையது என்று சாதித்தாள். நான் தையல் வலியோடு படுத்தபடி ஒரே ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். யாராவது ஒருத்தர், வாய்வார்த்தைக்காவது, "அப்படியே உங்க அப்பா" என்று சொல்ல மாட்டார்களா? ஒருவரும் சொல்லவில்லை.

அப்பா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் கர்ப்பம் என்று தெரிவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால் போனார். பிள்ளையைக் கையில் வாங்கிய நிமிடத்திலிருந்து நான் அவரைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்குப் பெரிய காது. பிள்ளைக்குச் சின்னக் காது. அப்பாவின் விரல் கட்டை. பிள்ளைக்கு நீள விரல், அது என் கணவர் வீட்டு விரல். எனக்கு அழுகை வந்தது. தையல் வலிக்கிறது என்று சொல்லிச் சமாளித்தேன்.

இத்தனைக்கும் நான் தாம்பரம் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவள். ஜாடை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? உடம்பு எந்தெந்தப் புரதத்தை எப்படிக் கட்ட வேண்டும் என்ற குறிப்பு பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருகிறது. எந்தப் பாதி என்பது யார் கையிலும் இல்லை. வகுப்பில் இதைச் சொல்லும்போது கம்பீரமாகத்தான் இருக்கிறது. சொந்தப் பிள்ளை மடியில் கிடக்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

ஆஸ்பத்திரியிலிருந்து கீழ்க்கட்டளையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனோம். எங்கள் வீடு சேலையூரில். என் கணவர் வேலை முடிந்து தினமும் வண்டியில் வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டுப் போவார். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி போடக்கூடாது, பழைய பருத்தித் துணிதான் மெத்தென்று இருக்கும் என்பது அம்மாவின் சட்டம். பீரோவைத் திறந்து அப்பாவின் வேட்டிகளை எடுத்தாள். கிழித்து, ஓரம் மடித்துத் தைத்து, ஒரு அடுக்கு தயாராக வைத்திருந்தாள். எனக்கும் அது பிடித்திருந்தது. ஜாடைதான் இல்லை, வேட்டியாவது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்த பீரோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பா இருந்தவரை அவர் துணி அதற்குள் போனதே கிடையாது. பூச்சி வராமலிருக்க அம்மா போடும் அந்துருண்டையின் வாசனை அவருக்கு ஆகாது. தலை வலிக்கிறது என்பார். சட்டை, வேட்டி எல்லாம் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் குவிந்து கிடக்கும். "நாற்காலி என்ன உக்கார்றதுக்கா, உங்க துணிக்கா?" என்று அம்மா கத்தாத நாளில்லை. அவர் போன பிறகு எல்லாவற்றையும் துவைத்து, மடித்து, பீரோவில் அடுக்கி, மடிப்புக்கு மடிப்பு வெள்ளை வெள்ளையாக அந்துருண்டை வைத்தாள். அவர் துணியை ஒரு பூச்சி தொடக்கூடாது அவளுக்கு.

வீட்டுக்கு வந்த சில நாளில் எதிர் வீட்டு அக்கா பார்க்க வந்தார். "அடேயப்பா, என்ன கலர்! தங்க விக்கிரகம் மாதிரி இருக்கானே" என்றார். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. எனக்குப் பகீரென்றது. நான் நல்ல கறுப்பு. என் கணவர் எனக்குமேல். எங்களுக்குத் தங்கம் எங்கிருந்து வரும்? பிள்ளையை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிக்கொண்டு போய் நெற்றியில் கட்டைவிரலால் அழுத்தி எடுத்தேன். அழுத்திய இடம் மஞ்சளாக இருந்தது. கண்ணும் மஞ்சள்.

"கலராம் கலரு! காமாலைம்மா இது" என்று நான் போட்ட சத்தத்தில் அக்கா காப்பி குடிக்காமலே போய்விட்டார்.

பிறந்த குழந்தைகளுக்கு மஞ்சள் வருவது சகஜம்தான். பழைய சிவப்பணுக்கள் உடையும்போது அவற்றில் இருக்கும் ஹீமோகுளோபின் சிதைந்து முதலில் பச்சையாகவும் பிறகு மஞ்சளாகவும் ஒரு பொருளாகிறது. அடிபட்ட இடம் கன்றி, நிறம் மாறி மாறி மறைகிறதே, அதே வேதியியல். அந்த மஞ்சள்தான் பிலிருபின். தண்ணீரில் கரையாது. கல்லீரல் அதைக் கரைகிற மாதிரி மாற்றி வெளியே அனுப்ப வேண்டும். பிறந்த குழந்தையின் கல்லீரலுக்கு அந்த வேலை இன்னும் பழகியிருக்காது. தேங்கும். அளவு மீறித் தேங்கினால் மூளைக்குள் இறங்கும். இந்தக் கடைசி வரியை நான் எத்தனையோ முறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அன்று ஆட்டோவில் போகும்போது அது ஒன்றுதான் ஞாபகம் வந்தது.

"இன்னாக்கா, கொயந்தைக்கு ஒடம்பு செரியில்லியா? கெட்டியா புட்ச்சிக்கோ, சீக்கிரம் போயிடலாம்" என்றார் ஆட்டோக்காரர். சொன்ன மாதிரியே போனார்.

குழந்தைகள் டாக்டர் எங்கள் வயதுப் பெண்மணி, மெதுவாகப் பேசுகிறவர். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளையை நீல விளக்கின் கீழே வைக்கச் சொன்னார். "நீங்க பயோகெமிஸ்ட்ரிதானே, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்" என்று சிரித்தார். சொல்லுங்கள் டாக்டர், யாராவது சொன்னால் தேவலை என்று இருந்தது எனக்கு.

துணியில்லாமல், டயப்பரோடு, கண்ணைக் கட்டி, பிள்ளை நீல வெளிச்சத்தில் கிடந்தான். பிலிருபின் தன் கைகளைத் தானே இறுக்கிக் கட்டிக்கொண்டு நிற்கிற மூலக்கூறு. அதனால்தான் தண்ணீரோடு சேராது. நீல ஒளி பட்டதும் அது முறுக்கிக்கொண்டு வடிவம் மாறுகிறது, கட்டிய கை அவிழ்கிறது, தண்ணீரில் கரைந்து வெளியே போய்விடுகிறது. மருந்து இல்லை, ஊசி இல்லை, வெறும் வெளிச்சம். கண்ணாடிக்கு வெளியே நின்று என் கணவருக்கு இதை விளக்கினேன். "நீ பேசிட்டே இரு, அப்பதான் எனக்கு பயம் இல்ல" என்றார் அவர்.

மஞ்சள் இறங்கியது. வீட்டுக்கு வந்தோம். அம்மா எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, வேட்டித் துணியில் சுற்றித் தூங்க வைத்தாள். இரண்டு மூன்று நாளில் மறுபடியும் மஞ்சள், முன்னைவிட அதிகமாக. அம்மா எதிர் வீட்டுத் திசையைப் பார்த்து முறைத்தாள். "தங்கம் தங்கம்னு கண்ணு வச்சிட்டுப் போனா இல்ல" என்று மிளகாயும் உப்பும் சுற்றிப்போட்டாள். நான் அவளோடு சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் மறுபடி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

இந்தத் தடவை டாக்டர் சிரிக்கவில்லை. "ஹீமோகுளோபினும் குறைஞ்சிருக்கு. சிவப்பணு எதனாலயோ உடைஞ்சிட்டே இருக்கு. விளக்குல வச்சுப் பார்ப்போம். இன்னும் ஏறினா ரத்தத்தையே மாத்த வேண்டி வரும்" என்றார்.

பாலாடையில் ஏந்திக் குடிக்கிற அளவு உயிர் அது. அதன் ரத்தத்தை எடுத்துவிட்டு யாருடைய ரத்தத்தையோ ஏற்றுவதா? நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் கணவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரில இருந்தா இறங்குது, வீட்டுக்குப் போனா ஏறுது. வீட்டுலதான் என்னமோ இருக்குப்பா" என்றார். கணக்குப்பிள்ளை மூளை அவருக்கு. அன்று அது உதவியது.

டாக்டர் கேட்டுக்கொண்டே வந்தார். நாட்டு மருந்து ஏதாவது? இல்லை. நீங்கள் ஏதாவது மாத்திரை? இல்லை. அப்போது என் கணவர் பிள்ளைக்கு மாற்றுத்துணி எடுப்பதற்காக அம்மா கொடுத்தனுப்பிய பையின் ஜிப்பைத் திறந்தார். அந்த ஏசி அறையில் குப்பென்று பீரோ வாசனை. டாக்டர் பாதிக் கேள்வியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"அந்துருண்டையா?" என்றார்.

"நாப்தலின்" என்றேன்.

சிவப்பணு ஒரு விசித்திரமான உயிரணு. ஆக்சிஜன் சுமக்க இடம் வேண்டும் என்று உட்கருவையும் மற்ற எல்லாவற்றையும் வெளியே போட்டுவிட்டுத் திரிகிறது. ஆக்சிஜனோடு புழங்கினால் துருப்பிடிக்கிற மாதிரி ஒரு சேதம் வந்துகொண்டேதான் இருக்கும். அதைத் துடைத்துத் துடைத்து வைக்க அதனிடம் இருப்பது ஒரே ஒரு வழி. அந்த வழியின் வாசலில் நிற்கிறது ஒரு நொதி. ஜி-சிக்ஸ்-பி-டி என்று சுருக்கிச் சொல்வோம். சிலருக்குப் பிறவியிலேயே இந்த நொதி குறைவு. சாதாரணமாக ஒன்றும் தெரியாது, ஆயுசு முழுக்க நன்றாகவே இருப்பார்கள். ஆனால் சில பொருள்கள் உள்ளே போனால் சேதம் திடீரென்று கூடும், துடைக்க ஆளிருக்காது, சிவப்பணுக்கள் கொத்துக் கொத்தாக உடையும். நாப்தலின் அப்படி ஒரு பொருள். எண்ணெயில் நன்றாகக் கரையும் என்பதால், எண்ணெய் தேய்த்த தோல் வழியாகச் சுலபமாக உள்ளே போகும். என் வகுப்பில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி.

ரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. பிள்ளைக்கு அந்த நொதி மிகவும் குறைவு. வேட்டித் துணிகள் அத்தனையையும் என் கணவர் வெளியே கொண்டுபோனார். அன்றைக்கும் மறுநாளும் நான் விளக்கடியை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்க வரும்போதும் பிள்ளை வீறிடுவான், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஏறுவது முதலில் நின்றது. பிறகு கொஞ்சம் இறங்கியது. "இனிமே ரத்தம் மாத்தற பேச்சு இல்லை" என்று டாக்டர் சொன்னபோது நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். மாணவர்கள் யாராவது பார்த்திருந்தால் ஆயுசுக்கும் என்னைக் கண்டு பயந்திருக்க மாட்டார்கள்.

அம்மாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் அவள் முகம் சுண்டிப்போனது. "நானா பண்ணேன்? என் கையாலயா?" என்றாள்.

"ஊரே அப்படித்தாம்மா வளர்க்குது. அதுல முக்கால்வாசிப் பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகாது. இவனுக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்."

இதற்கிடையில் மாமியார் போனில், "எங்க வம்சத்துல இப்படியெல்லாம் யாருக்கும் கிடையாதும்மா" என்று சொல்லி வைத்தார். கோபம் பொத்துக்கொண்டு வந்தாலும், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. இந்தக் குறை எக்ஸ் குரோமோசோமில் வருவது. ஆண் பிள்ளைக்கு எக்ஸ் ஒன்றுதான், அதுவும் அம்மாவிடமிருந்து. ஆகவே கொடுத்தவள் நான்தான், சந்தேகமே வேண்டாம். எனக்கு யார் கொடுத்தது?

டாக்டரும் அதையேதான் கேட்டார், வீட்டுக்கு அனுப்பும் நாளில், அம்மாவைப் பார்த்து. "உங்க குடும்பத்துல யாருக்காவது மலேரியா மாத்திரை சாப்பிட்டு, யூரின் கறுப்பாப் போய், கண்ணு மஞ்சளா ஆகியிருக்காம்மா?"

அம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "இவ அப்பாவுக்கு ஆச்சே! இவ அப்ப பள்ளிக்கூடம் படிச்சிட்டிருந்தா. மலேரியான்னு மாத்திரை குடுத்தாங்க. டிகாஷன் மாதிரி போச்சு. கண்ணு ரெண்டும் மஞ்சளு. நான்தான் இங்கிலீஷ் மாத்திரையெல்லாம் தூக்கிப் போட்டுட்டு கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தேன். அதுலதான் பொழைச்சாரு."

இந்தக் கீழாநெல்லிக் கதை எங்கள் வீட்டில் மிகப் பிரசித்தம். சொந்தக்காரர்கள் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அம்மா இதைச் சொல்வாள். நான் ஒவ்வொரு முறையும் கீழாநெல்லி ஒன்றும் செய்திருக்காது என்று வாதாடுவேன், அப்பா எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு பேப்பர் படிப்பார். இப்போது விளங்கியது. காப்பாற்றியது கீழாநெல்லி இல்லை. மாத்திரையைத் தூக்கிப் போட்டதுதான். எப்படியோ, காப்பாற்றியது அம்மாதான்.

"அப்போ உங்க அப்பாதான்" என்றார் டாக்டர் என்னிடம். அப்பாவுக்கும் எக்ஸ் ஒன்றுதான். மகளுக்கு அதைக் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காமல் மறைக்க முடியாது. அந்த ஒன்றை நான் இத்தனை வருடம் ஒன்றும் தெரியாமல் சுமந்திருக்கிறேன். என்னிடமிருந்த இரண்டில் அதுதான் பிள்ளைக்குப் போயிருக்கிறது. காதிலும் விரலிலும் நான் தேடிக்கொண்டிருந்தவர் சிவப்பணுவுக்குள் இருந்தார். நோய்க் காரணம் கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் தாய் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பீரோவைக் காலி செய்தாள். உருண்டைகளை எல்லாம் கட்டித் தூரப் போட்டாள். "அவருக்குத் தெரிஞ்சிருக்குடி. அதான் துணிய உள்ள வைக்க விடல" என்றாள். அது வாசனை பிடிக்காத விஷயம், நொதிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கீழாநெல்லியிலேயே நான் பாதி தோற்றுப்போயிருந்தேன்.

ஒரு மாதம் கழித்து எதிர் வீட்டு அக்கா பயந்து பயந்து மறுபடி வந்தார். பிள்ளை தன் சொந்தக் கறுப்புக்கு வந்திருந்தான். துவைத்த அவன் துணிகளை அம்மா மடித்துக்கூட வைக்காமல் அப்பாவின் பிளாஸ்டிக் நாற்காலியில் குவித்திருந்தாள். அக்கா நிறத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. உட்கார இடம் தேடிக்கொண்டே, வழக்கமான கேள்வியைக் கேட்டார். "யாரு ஜாடை இவன்?"

"அப்படியே அவங்க தாத்தா" என்றாள் அம்மா. "அந்த நாற்காலில உக்காந்துடாத. அவன் துணி இருக்கு."

அக்கா குனிந்து பிள்ளையின் முகத்தில் வெகுநேரம் தேடினார்.