இல்லை என்று சொல்லாத எம்மெல்லே

ஃபினாயில் வாடை மூக்கில் ஏறினால் மற்றவர்களுக்கு நோய்நொடி நினைவு வரும். எனக்கு எங்கள் அப்பாவின் முகம்தான் வரும், அதுவும் சிரித்த முகம். எழுபதுகளின் கடைசியில், சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே கரிசல் காட்டுக்குள் கிடந்த எங்கள் ஊருக்கு அவர் ஓர் அரசாங்க ஆஸ்பத்திரியைக் கொண்டுவந்தார். அப்பா அப்போது எங்கள் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். ஊர் வாயில் "எம்மெல்லே". பருத்திக்காட்டு மனிதர் சட்டசபையில் பேசியெல்லாம் கிழித்துவிடவில்லை. மந்திரிகளின் வாசலில் வருஷக்கணக்காகக் கால்கடுக்க நின்று ஊருக்கென்று வாங்கி வந்த ஒரே பொருள் அதுதான். திறப்பு விழா முடிந்து பல நாள் வரைக்கும், பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் அங்கே ஓடிப்போய், "லோஷன் தண்ணி" ஊற்றிக் கழுவிய சிமெண்டுத் தரையை மோந்து பார்த்துவிட்டு வருவோம்.

ஆனால் அவருடைய அன்றாடப் பிழைப்பு ஆஸ்பத்திரி கட்டுவதல்ல, ஆள் மாற்றுவது. விடிந்தால் எங்கள் வாசலில் நிற்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் "டிரான்ஸ்பர்" கேட்டு வந்தவர்கள். ராயகிரி வாத்தியாருக்குக் கடையநல்லூர் வேண்டும், கடையநல்லூர் கிளார்க்குக்கு வாசுதேவநல்லூர் வேண்டும். ரோடு போடு, கால்வாய் வெட்டு என்றால் மெட்ராஸில் ஆயிரம் நொட்டை சொல்வார்கள். ஓர் ஆளை இங்கிருந்து தூக்கி அங்கே வைக்க மட்டும் அப்பாவின் சொல் செல்லும். அதை அவர் யாருக்கும் மறுத்ததில்லை. அம்மா முணுமுணுத்தால், "கேட்டு வந்து நிக்கவன்ட்ட இல்லேன்னு எப்படிச் சொல்லுதது?" என்பார்.

ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டரம்மாவுக்குக் கும்பகோணம் பக்கம். கைக்குழந்தைக்காரி, புருஷனுக்கு வேலை அங்கே, இவளுக்கு இந்த உப்புத் தண்ணியும் வெயிலும். வாரம் தவறாமல் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அழுவாள். அம்மாவுக்கே மனசு கேட்கவில்லை. "பச்சப்பிள்ளைய வச்சுக்கிட்டு சீரழியுதா, பாவம். அவளுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்று அப்பாவிடம் சொன்னது அம்மாதான். அடுத்த மாதமே டாக்டரம்மா எங்கள் எல்லோரையும் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறினாள். அவள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் வந்ததில்லை. அந்த நிலையில் யார் இருந்தாலும் அழுதிருப்பார்கள்.

அவள் இடத்துக்கு யாரும் வரவில்லை. மெட்ராஸில் ஆர்டர் போடுவார்கள். பேர் வரும், ஆள் வராது. என்ன ஏதென்று விசாரித்துவிட்டு வந்த அப்பா, "அந்த டாக்டர்மாரு ஊருலயும் ஒரு எம்மெல்லே இருப்பாம்லா" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா ஒருத்திதான் மிச்சம். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுப்பாள், காயத்துக்குக் கட்டுப் போடுவாள்.

அந்தச் சமயத்தில்தான், மதுரையில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா கோமதி தலைப்பிரசவத்துக்கு வந்தாள். முதல் பிள்ளையைப் பிறந்த வீட்டில்தான் பெற வேண்டும் என்பது முறை. ஆனாலும் அத்தானுடைய அம்மா, மதுரையிலேயே பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது எதற்கு அந்தக் காட்டுக்கு என்று கேட்டுத்தான் அனுப்பியிருந்தாள். நாள் நெருங்க நெருங்க எங்கள் அம்மாவும், திருநெல்வேலிக்காவது கூட்டிக்கொண்டு போவோம் என்று ஆரம்பித்தாள். அப்பா கேட்கவில்லை.

"நான் கொண்டாந்த ஆஸ்பத்திரியில எம்மவ பெறலேன்னா, ஊருக்காரன் எவன் தன் பொண்டாட்டிய அங்கன அனுப்புவான்? டாக்டர் இந்த வாரம் வந்திருவாருன்னு மந்திரியே சொல்லியிருக்காரு."

அக்காவும் அப்பா செல்லம். "எங்க அப்பா ஆஸ்பத்திரியிலதான் பெறுவேன்" என்று வயிற்றைத் தள்ளிக்கொண்டு தெருவெல்லாம் சொல்லித் திரிந்தாள்.

டாக்டர் வரவில்லை, வலி வந்தது. காலையில் நடந்தே ஆஸ்பத்திரிக்குப் போன அக்காவுக்கு மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. நர்ஸம்மா வெளியே வந்து சிரித்தபடி சொல்லிவிட்டு உள்ளே போனாள்; போன வேகத்தில் திரும்பி ஓடி வந்தாள். ரத்தம் நிற்கவில்லை. அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தாள், பாவம். அப்புறம் அப்பாவின் ஜீப்பில் அக்காவைக் கிடத்தி, தலையை மடியில் ஏந்திக்கொண்டு அம்மா ஏறினாள். தூரத்தில் சங்கரன்கோவில் கோபுரம் தெரிந்தபோது, "எம்மா, குளுருது" என்றாளாம். அப்போது சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. டவுனுக்குள் நுழையும் முன்பே உயிர் போய்விட்டது. குழந்தையை மதுரைக்காரர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வாசல் மிதிக்கவில்லை.

"துஷ்டி" கேட்கத் தொகுதியே திரண்டு வந்தது. கூட்டம் ஓய்ந்த ஒரு காலையில் நர்ஸம்மாவும் வந்தாள். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம், "அய்யா, அந்த ரூமுக்குள்ள என்னால நிக்க முடியலய்யா. என்னைய எங்கனயாவது மாத்தி விட்ருங்க" என்றாள். எல்லோரும் அப்பாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். அப்பா தலை நிமிராமல் கேட்டார்:

"எந்த ஊரும்மா வேணும்?"

அவள் போன பிறகு ஆஸ்பத்திரியைப் பூட்டிவிட்டார்கள். அடுத்த தேர்தலில் அப்பா தோற்றார். இதற்காக இல்லை, அதற்குக் காரணம் வேறு. சாப்பிட வாருங்கள் என்பதைத் தவிர அம்மா அவரிடம் சாகும்வரை வேறு எதுவும் பேசி நான் கேட்டதில்லை. இன்று அந்தக் கட்டடத்துக்குக் கூரை கிடையாது, உள்ளே உடைமரம் மண்டிக்கிடக்கிறது. அப்பா இல்லை, அம்மா இல்லை, விடியற்காலையில் வாசலை அடைத்து நின்ற கூட்டம் இல்லை, அந்த வீடும் கைமாறிப் போயிற்று.

போன மாதம் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் வயதான ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு கிட்டே வந்தார். "எம்மெல்லே மகதானம்மா? என்னையச் சொந்த ஊருக்கு மாத்திவிட்டது உங்க அப்பாதான். இல்லேங்கிற சொல்லே அவரு வாயில வந்ததில்ல. தெய்வம்மா அவரு."

ஆமா அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அந்தச் சொல் ஒரே ஒரு தரம் அவர் வாயில் வந்திருந்தால், எங்கள் கோமதி அக்கா இன்று பேரன் பேத்தி எடுத்திருப்பாள்.